உம்மாவின் உதட்டுக் கொப்புளம்

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு எனக்குக் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, போட்டிருக்கிறது என்று எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும் பேச்சாகிவிட்டது. யார் பார்த்தார்கள், யார் சொன்னார்கள் என்று தெரியாது. எங்கள் ஊரான சாய்ந்தமருதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது அவருக்குத் தெரிவதற்கு முன்பே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். வாசலில் வேப்பிலைக் கட்டு வந்து விழுந்தது. இளநீர் வந்தது. கர்ப்பிணிகள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அது கொப்புளிப்பான் இல்லை என்று தெரியவரும்போது என் ஒரு கண் மூடிப் போயிருந்தது.

என்னைப் போல் கரப்பான் என்ற தோல் நோயோடு வாழ்கிறவர்கள் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான் என்று தெரிகிறது. மீதியெல்லாம் உம்மாவைப் பற்றியது.

எனக்குக் கரப்பான் கைக்குழந்தையிலேயே வந்தது. முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, பிறகு முதுகின் நடுவில் என் கை எட்டாத ஓர் இடம். தோல் என்பது மதில் மாதிரி. எனக்கு அந்த மதிலில் சீமெந்து குறைவு என்று ஒரு டொக்டர் சிறு வயதில் சொன்னார். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போய்விடும், வெளியே இருக்கிற தூசும் கிருமியும் உள்ளே வந்துவிடும். ஆகவே தினமும் களிம்பு பூசி அந்த வெடிப்புகளை அடைக்க வேண்டும். சிவந்து பொங்கும்போது மட்டும் வேறு மருந்து. இவ்வளவுதான் வைத்தியம். ஆனால் நம் ஊரில் கரப்பான்காரிக்கு வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. கணவாய் தின்னாதே, றால் தின்னாதே, கத்தரிக்காயை எட்டியும் பார்க்காதே. கலியாண வீட்டில் என் சஹன் தட்டில் எது இருக்கிறது என்று என்னைவிட மற்றவர்களுக்குத்தான் கவலை. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது சட்டைக் கை மேலே ஏறினால், பின் வாங்கில் இருக்கிற பிள்ளைகள் "டீச்சர், றால் தின்டீங்களா?" என்று கேட்பார்கள்.

நான் கலியாணம் முடித்ததும் உம்மாவின் வீடு எனக்கு எழுதப்பட்டது. எங்கள் பக்கம் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். என் மாப்பிள்ளை வந்தார், பிறகு கட்டாருக்குப் போனார், வருசத்துக்கு ஒருமுறை வருகிறார். எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. வாப்பா காலமாகிவிட்டார். ஆக அந்த வீட்டில் நானும் உம்மாவும்தான். பேரப்பிள்ளைகளுக்கு என்று உம்மா சேர்த்து வைத்திருந்த அன்பெல்லாம் வேறு போக்கிடம் இல்லாமல் என் தலையில்தான் இறங்கியது.

ஒவ்வொரு நாளும் இரவு இஷாத் தொழுத பிறகு உம்மா என் கட்டிலுக்கு வருவார். குல்ஹு வல்லாஹு, ஃபலக், நாஸ் என்ற மூன்று குர்ஆன் சூறாக்களையும் ஓதுவார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிடித்து, அதற்குள் ஊதி, அந்தக் கைகளால் என் தலையிலிருந்து தடவத் தொடங்குவார். முகம், கழுத்து, கைகள், முதுகு. முதுகில் அந்தக் கை எட்டாத இடத்துக்கு வந்ததும் ஓதலும் களிம்பும் சேர்ந்தே போகும். முப்பது வயது தாண்டிய பிறகும், வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற ஒருத்தி, உம்மா வந்து தடவும் வரைக்கும் தூங்காமல் கிடப்பாள். ஒழுங்கையில் பிள்ளைகள் காரணமில்லாமல் அழுதாலும் பயந்து எழும்பினாலும் அந்தியில் மஃரிபுக்குப் பிறகு உம்மாவிடம்தான் தூக்கி வருவார்கள். உம்மா ஓதி ஊதித் தடவிவிட்டால் பிள்ளை தூங்கிவிடும் என்று பெயர்.

உம்மாவுக்கு ஒரு சின்ன உபத்திரவம் இருந்தது. காய்ச்சல் வந்தாலும், வெயிலில் அலைந்தாலும், மனக்கவலை வந்தாலும் கீழுதட்டின் இடது ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம் போடும். எப்போதும் அதே இடம். "சூடு புறப்பட்டிரிக்கி" என்பார். தேன் தடவுவார். காய்ந்து விழுந்துவிடும். அதை ஒரு நோய் என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை, நானும் எண்ணியதில்லை.

இந்த வருட நோன்பு கொடும் வெயிலில் வந்தது. நோன்பின் பிந்திய பத்து நாளில் உம்மாவின் உதடு பொங்கியது. எனக்கும் கரப்பான் பொங்கியது. பகலெல்லாம் வியர்வை, பின்னேரம் கஞ்சிப் பானையும் சட்டிகளும் கழுவிக் கழுவி மணிக்கட்டு வரைக்கும் வெடித்து நீர் கசிந்தது. நான் சொறிவதைப் பார்த்து உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நேரம் ஓதியவர் மூன்று நேரம் ஓதினார். விடியலில் சுபஹுக்குப் பிறகும் வந்து தடவினார்.

பெருநாளுக்கு அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. கரப்பான் என்றால் அரிக்கும். இது அரிக்கவில்லை, எரிந்தது. இந்த வித்தியாசத்தை மற்றவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எனக்கு அது அப்போது தெரியவில்லை. கொப்புளிப்பான் என்று அறைக்குள் படுத்துக்கொண்டேன். ஒழுங்கை மூலையில் இருக்கிற டிஸ்பென்சரி டொக்டர், கரப்பான் சீழ் கட்டியிருக்கிறது என்று குளிசை தந்தார். உம்மா பக்கத்தை விட்டு நகரவில்லை. எரிகிற இடத்திலெல்லாம் ஊதி ஊதித் தடவினார். கொப்புளங்கள் உடைந்து, உளியால் கொத்திய மாதிரிக் குழிகளாகி, கழுத்திலிருந்து கன்னத்துக்கு ஏறின. ஒரு காலை எழும்பியபோது வலது கண் திறக்கவில்லை.

"அல்லாஹ்வே, என்னகா இது! கண்ணெல்லாம் வீங்கிப் போய்க் கிடக்கு" என்று உம்மா அலறினார். அதற்குப் பிறகுதான் ஓட்டோ பிடித்து கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஓ.பி.டி. வாங்கில் என்னைக் கண்டதும் சனம் தானாகவே விலகி இடம் தந்தது. வாழ்க்கையில் முதல் தடவை அங்கே இருக்க எனக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது. துண்டு எழுதிய டொக்டர் என்னைப் பார்த்ததும் வரிசையை மறந்து தோல் டொக்டருக்குப் போன் எடுத்தார். மதியத்துக்குள் வார்ட்டில் கட்டில் கிடைத்துவிட்டது.

தோல் டொக்டர் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண், இளவயது, அவசரமில்லாமல் கதைக்கிறவர். டோர்ச் அடித்துக் கழுத்தையும் கன்னத்தையும் பார்த்தார். பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸியிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இது கொப்புளிப்பான் இல்ல. சில பேருக்கு உதட்டில கொப்புளம் வரும், தெரியும்தானே? அதே வைரஸ்தான். சாதாரண தோல் எண்டா அந்த ஒரு இடத்தோட நிக்கும். கரப்பான் தோலில தடுக்க ஒண்டும் இல்ல, அதால எல்லா இடமும் பரவிப் போகும். வீட்டில ஆருக்கும் உதட்டில அப்பிடி வருமா?"

நான் வாய் திறப்பதற்கு முன்பே உம்மா கட்டில் பக்கம் வந்தார்.

"எனக்குத்தான் வரும் டொக்டர். இந்தா, இப்பவும் காஞ்சு கிடக்கு. சூடு."

"மகளைத் தொட்டுப் பாக்கிறீங்களா அம்மா? கொஞ்சுறதா?"

உம்மா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாக நினைவிருக்கிறது. பெரிய டொக்டர் தன்னிடம் வைத்தியம் கேட்கிறார் என்ற பெருமை அதில் இருந்தது. "நான்தான் டொக்டர் பாக்கிற. மூணு நேரமும் ஓதித் தடவுற" என்றார். எப்படி என்று டொக்டருக்கு விளங்கவேண்டுமே என்று, உள்ளங்கைகளைச் சேர்த்துப் பிடித்து, உதட்டருகே கொண்டுபோய் ஊதி, என் தலைக்கு மேல் காற்றில் தடவியும் காட்டினார்.

டொக்டர் டோர்ச்சைப் பைக்குள் வைத்தார். பிறகு மிக மெதுவாக, "உதட்டில கொப்புளம் இருக்கிற நாளில அப்பிடிச் செய்யாதீங்க அம்மா. ஊதுறதோட எச்சில் போகும். அது காயத்தில பட்டா..." என்றார்.

எனக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்தக் கண்ணால் உம்மாவின் கைகளைப் பார்த்தேன். அவை என் தலைக்கு மேலே அப்படியே நின்றன. பிறகு அவர் முக்காட்டின் ஓரத்தை இழுத்து உதட்டை மறைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். அன்றைக்குப் போனவர் இன்னும் அந்த இரண்டடியைத் திரும்பி வரவில்லை.

வைத்தியத்தைச் சொல்கிறேன். சேலைன் வழியாக இரத்த நாளத்துக்குள் வைரஸ் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து சிறுநீரகத்தில் கல்மாதிரித் தங்காமல் இருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இரத்தம் எடுத்துச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குழிகளிலிருந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கண் டொக்டரிடம் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். செம்மஞ்சள் சொட்டு ஒன்றை விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். வைரஸ் கருவிழியில் ஏறியிருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும் என்று சொன்னார்கள். ஏறினால் பார்வை போகலாம். அவர் பார்த்து முடிக்கும் வரைக்கும் எனக்கு ஒரு சூறாவும் நினைவுக்கு வரவில்லை. உம்மா இருந்தால் ஓதியிருப்பார் என்று நினைத்தேன். உம்மா வெளியே கதவருகில்தான் நின்றார். உள்ளே வாருங்கள் என்று மிஸ்ஸி கூப்பிட்டும் வரவில்லை. கண்ணுக்குள் ஏறவில்லை, இமையில் மட்டும்தான், அல்ஹம்துலில்லாஹ்.

கட்டாரிலிருந்து மாப்பிள்ளை வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னார். காட்டமாட்டேன் என்று சண்டை பிடித்தேன். "என்ட பொண்டாட்டிதானே, பயப்பட மாட்டன்" என்றார். "நான் பயப்படுறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த கட்டிலில் பொத்துவிலிலிருந்து வந்த, என்னைவிட மூத்த ஒரு ராத்தா. கால் சிவந்து வீங்கி அவரும் சேலைனோடு கிடந்தார். என் வலது கையில் ஊசி, ஒரு கண் மூடல், உதடு வரைக்கும் பொருக்கு. பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்து அவர்தான் எனக்கு ஊட்டிவிட்டார். நொண்டி நொண்டி வந்து ஊட்டிவிட்டு, "என்ட புருசனுக்குக் கூட நான் இப்பிடித் தீத்தினதில்ல" என்று சிரிப்பார். பார்வையாளர் நேரத்தில் உம்மா சோற்றுப் பார்சலோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். பார்சலை ராத்தாவிடம் கொடுப்பார். ராத்தா ஊட்டுவார். உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் ராத்தாவுக்கே பொறுக்கவில்லை.

"நீங்க வந்து தீத்துங்களன் பெரியம்மா. தாய்ட கை மாதிரி வருமா?"

"என்ட கை வேணாம் மகள். நீங்களே குடுங்க" என்றார் உம்மா.

வீட்டுக்கு விடும் நாளில் தோல் டொக்டர் வந்து எல்லாவற்றையும் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகாது. நரம்பின் அடியில் போய்த் தூங்கும். காய்ச்சல், வெயில், களைப்பு, கவலை வந்தால் எழும்பும். எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் ஊசி குத்துவது போல் விறுவிறுக்கும், அப்போதே குளிசையைத் தொடங்கினால் பெரிதாக வராது. அடிக்கடி வந்தால் தினமும் போடுகிற குளிசை இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், கரப்பானைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. தினமும் இரண்டு வேளை உடம்பு முழுக்கக் களிம்பு. "டப்பாவுக்குள்ள கை விடாதீங்க. சுத்தமான கரண்டியால எடுங்க. கையில உள்ள கிருமி களிம்புக்குள்ள போயிரும்" என்றார். கால்மாட்டில் நின்ற உம்மா அதற்கு மட்டும் தலையாட்டினார்.

பிறகு டொக்டர் உம்மாவைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, இது ஊரில பாதிப் பேருக்கு மேல உள்ள வைரஸ். உங்கட மகளுக்கும் சின்ன வயசிலயே வந்து உள்ளுக்குள்ள கிடந்திருக்கலாம். உங்களாலதான் எண்டு ஆராலும் உறுதியாச் சொல்ல ஏலாது. பொருக்கு விழுந்து தோல் மூடினாப் பிறகு நீங்க வழமை போலத் தொடலாம்."

இதை அவர் முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவர்மேல் பிழை இல்லை. முதல் நாள் என் கண்ணைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தார். ஆனால் உம்மாவின் காது முதல் நாளோடு மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால், உம்மாவின் பாய் பின்னறைக்குப் போயிருந்தது. அவருக்கென்று தனிக் கோப்பை, தனிப் பீங்கான், தனித் துவாய். கொப்புளம் இருக்கிற நாளில் மட்டும் என்று டொக்டர் சொன்னதை உம்மா ஆயுளுக்கும் ஆக்கிக்கொண்டார். இஷாவுக்குப் பிறகு நான் கட்டிலில் கிடந்து கேட்பேன், பின்னறையில் ஓதுகிற சத்தம் கூட வராது. மஃரிபுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உம்மா வாசலிலேயே மறித்தார்.

"எனக்கு ஏலா மகள். பள்ளிக்குக் கொண்டு போங்க, லெப்பை ஓதுவார்."

"ஏன் பெரியம்மா, என்ன செய்யுது?"

"வயசு போயிட்டு" என்றார்.

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போனது. இரண்டொரு கிழமையில் யாரும் வருவதில்லை என்றாகிவிட்டது. பெரியம்மாவுக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று ஒழுங்கையில் யாரோ சொன்னதாக என் காதுக்கு வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யாரிடம் போய் என்னத்தை விளக்குவது?

நான் உம்மாவோடு பேசிப் பார்த்தேன். பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னேன், எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

"உம்மா, இஞ்ச பாருங்க. ஓதினதால வரல்ல. அது ஒரு கிருமி, அவ்வளவுதான்."

"ஓதினதால வரல்ல எண்டு எனக்கும் தெரியும் மகள். ஓதின வாயால வந்தது."

உம்மா தன் தனிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

மேற்கிலிருந்து அனலாக அடிக்கிற கச்சான் காற்று தொடங்கிய நேரம் எனக்குக் கழுத்தில் விறுவிறுத்தது. அன்றே குளிசை போட்டேன். நான்கைந்து கொப்புளத்தோடு நின்றுவிட்டது. வைத்தியம் வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோசம். உம்மா கழுத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

பிறகு கிளினிக். டொக்டர் கைகளைப் பார்த்தார், முழங்கால் மடிப்பைப் பார்த்தார், கழுத்தில் மிஞ்சிய குழித் தழும்புகளைத் தடவிப் பார்த்தார். நல்ல முன்னேற்றம் என்றார். திரும்பச் சொல்லி முதுகைப் பார்த்தார்.

"இதென்ன, நடு முதுகு மட்டும் அப்பிடியே கிடக்கு? தடிச்சு, வெடிச்சு. இந்த இடத்துக்கு ஒருத்தரும் களிம்பு பூசுறதில்லையா?"

இல்லை என்று சொன்னேன். வகுப்பில் கோடு கீறுகிற அடி மட்டத்தில் துணியைச் சுற்றிப் பூசப் பார்த்ததையும், அது சரிவராததையும் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து டொக்டர் முதுகு வலிக்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, பின்னேரம் அசர் தொழுத பிறகு குசினி வாசலில் போய் நின்றேன்.

"உம்மா, டொக்டர் ஏசினா."

"ஏனாம்?"

"முதுகுக்குப் பூசல்ல எண்டு. இப்பிடியே விட்டா அந்த வெடிப்பால திரும்பவும் கிருமி போகுமாம். எனக்குக் கை எட்டுதில்ல உம்மா."

உம்மா அடுப்பை அணைத்தார். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவி முடித்தார் என்று நினைத்தால் திரும்பவும் கழுவினார். நான் அறைக்குள் போய், சட்டையைத் தளர்த்தி, யன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்து இருந்தேன். பெருநாளுக்குப் பிறகு முதல் தடவையாக உம்மாவின் கை என் மேல் படப்போகிறது.

முதுகில் பட்டது கை இல்லை. திரும்பிப் பார்த்தேன். உம்மாவின் கையில் அகப்பை இருந்தது, கடையில் வாங்கிப் பாவிக்காமல் வைத்திருந்த புது அகப்பை. அதன் காம்பில் எனக்கென்று அவித்துக் காயவைத்திருந்த வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். வாயை முக்காட்டால் மூக்கு வரைக்கும் கட்டியிருந்தார்.

"கரண்டியாலதானே எடுக்கச் சென்ன" என்றார் துணிக்குள்ளிருந்து.

நான் திரும்பவும் சுவரைப் பார்த்து இருந்தேன். அகப்பைக் காம்பு களிம்போடு மேலே போனது, கீழே வந்தது. மெதுவாக, நோகாமல், ஒரு வெடிப்பையும் விடாமல் பூசினார். ஓதல் இல்லை. நானே ஓதத் தொடங்கினேன். குல்ஹு வல்லாஹு. உம்மாவுக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகவே ஓதினேன். ஃபலக் ஓதினேன். நாஸ் ஓதி முடிக்கும்போது காம்பு நின்றது. ஊதவேண்டிய இடம் அதுதான் என்று இருவருக்கும் தெரியும். நான் ஊதவில்லை, காத்துக்கொண்டிருந்தேன்.

உம்மா யன்னலடிக்குப் போனார். வாயில் கட்டியிருந்த முக்காட்டை இறக்கி, முகத்தை வெளியே நீட்டி, கச்சான் காற்றுக்குள் ஊதினார். பிறகு முக்காட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு வந்து, மீதி இடத்துக்கும் பூசிவிட்டார்.